மகளிர் முழு உடல் பரிசோதனை: கிருஷ்ணகிரியில் ஒரு பேக்கேஜ் பற்றிய மதிப்பீடு

கிருஷ்ணகிரி நகரில் உள்ள ஒரு தனியார் பரிசோதனை மையம், ‘மகளிர் முழு உடல் பரிசோதனை’ என்ற பெயரில் ரூ.3,200-க்கு ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறது. கூடுதலாக ரூ.1,200 கட்டினால், ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் ட்ரெட்மில் சோதனையும் உண்டு. காவேரிப்பட்டணத்தில் இருக்கும் நானும், பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த என் நாத்தனாரும் அண்மையில் இதைச் செய்துகொண்டோம். எனக்கு வயது 44. அவருக்கு 55, சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மையத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஓசூரிலும் தருமபுரியிலும் அரூரிலும் கைக்குக் கிடைக்கும் துண்டறிக்கைகளில் ஏறத்தாழ இதே பட்டியல்தான் இருக்கிறது என்பதால், இங்கே சொல்லும் நிறைகுறைகள் ஒரே இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். காலை ஆறரை மணிக்கே திறந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு வெகுதூரம் பஸ் ஏறி வரும் பெண்களுக்கு இது பெரிய உதவி. இரத்தம் எடுத்தவர், இ.சி.ஜி. எடுத்தவர், ஸ்கேன் செய்த மருத்துவர் மூவருமே பெண்கள். இ.சி.ஜி. அறையில் கதவைத் தாழிட்டு, திரையையும் இழுத்துவிட்டு, “அம்மா, ஜாக்கெட்ட கழட்டிட்டு இந்தத் துணிய போத்திக்குங்க, மேலாப்புல ஒட்டுனா சரியா வராது” என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். மார்பின் அடியில் ஒட்ட வேண்டிய மின்முனைகளைக் கூச்சத்துக்கு இடம்கொடுத்து மேலே தள்ளி ஒட்டுவதால் பெண்களின் இ.சி.ஜி. பிசகிப்போவது உண்டு, அதை அறிந்து, நோயாளியின் கூச்சத்தையும் மதித்து, வேலையையும் விட்டுக்கொடுக்காமல் செய்த அவருக்கு முழு மதிப்பெண் தரலாம். அடிவயிற்று ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்த பெண்களை வரிசை பார்க்காமல் முன்னே அழைத்தார்கள். கழிப்பறை சுத்தமாக இருந்தது. ரிப்போர்ட் அன்று மாலையே கிடைத்தது.

இனி, இந்தப் பேக்கேஜில் மகளிருக்கு உரியது எது என்ற கேள்விக்கு வருகிறேன். அதே சுவரில் ஒட்டியிருந்த ஆண்களுக்கான பட்டியலில் புராஸ்டேட் சோதனையை நீக்கி, தைராய்டு, மார்பக ஸ்கேன், கருப்பைவாய்க்கான பேப் ஸ்மியர் ஆகியவற்றைச் சேர்த்தால் இந்தப் பட்டியல் வந்துவிடுகிறது. இவை தேவையானவையே. தைராய்டுக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். கருப்பைவாய்ப் புற்றுநோய் முன்கூட்டியே கண்டுபிடித்தால் தடுக்கக்கூடியது. ஆனால், இதயம், சிறுநீரகம், இரத்தம், எலும்பு ஆகியவற்றில் பெண்ணுடல் ஆணுடலிலிருந்து வேறுபடும் இடங்களை இந்தப் பேக்கேஜ் கணக்கிலேயே எடுக்கவில்லை. கருப்பையும் மார்பகமும் மட்டுமே பெண்ணை வேறுபடுத்துகின்றன, மற்ற உறுப்புகள் எல்லாம் பொது என்ற எண்ணம் இதில் அடித்தளமாக இருக்கிறது. இது இந்த மையம் உண்டாக்கிய எண்ணமன்று. மருத்துவ ஆராய்ச்சியிலேயே நெடுங்காலம் நிலைத்திருந்த எண்ணம்.

நுழைந்ததும் நிரப்பத் தரும் படிவத்திலேயே இது தெரிகிறது. புகை பிடிப்பீர்களா, மது அருந்துவீர்களா, தந்தைக்கு மாரடைப்பு வந்ததுண்டா என்று கேட்கிறார்கள். கருவுற்றிருந்தபோது சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ வந்ததா என்று கேட்கவில்லை. கர்ப்பகால இரத்தக் கொதிப்பு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. அமெரிக்க இதயச் சங்கம் 2011-இல் பெண்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இவை இரண்டும் இதய நோய்க்கான இடர்க் காரணிகளாகவே சேர்க்கப்பட்டுவிட்டன. மாதவிலக்கு எந்த வயதில் நின்றது என்ற கேள்வியும் இல்லை. விறகு அடுப்பில் எத்தனை ஆண்டு சமைத்தீர்கள் என்ற கேள்வியும் இல்லை. பீடியைத் தொட்டே பார்த்திராத என் நாத்தனாரின் நுரையீரல், முப்பது ஆண்டு அடுப்புப் புகையை இழுத்த நுரையீரல். படிவத்தில் அவர் ‘புகைப்பழக்கம் இல்லை’ என்று ஒரு டிக் மட்டுமே அடிக்க முடிந்தது.

இரத்தச் சோதனைகளில் எனக்கு வந்த முடிவு இது: ஹீமோகுளோபின் 12.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை; ஆகவே எனக்கு ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 91, அதுவும் சரி. ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் 5.9 என்று வந்து, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று தடித்த எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. இரும்புச்சத்துக் குறையும்போது சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட நீண்ட காலம் இரத்தத்தில் தங்கிச் சர்க்கரையை அதிகம் ஏற்றுக்கொள்வதால், ஹெச்பிஏ1சி உண்மைக்கு மேலாகக் காட்டக்கூடும். உடலில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை இந்தப் பேக்கேஜில் இல்லை. மாதவிலக்கில் எனக்கு இரத்தப்போக்கு அதிகம் என்பதால் தனியாகப் பணம் கட்டி அதையும் எடுக்கச் சொன்னேன். 15-க்குக் கீழே போனால் இரும்பு தீர்ந்துவிட்டதாகக் கொள்ளும் அளவுகோலில் எனக்கு 9 வந்தது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு காலியாகிவிட்டிருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டு, சில மாதம் கழித்து ஹெச்பிஏ1சியை மறுபடி பார்க்கலாம் என்று என் குடும்ப மருத்துவர் சொல்லியிருக்கிறார். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 விழுக்காடு. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காடு. இப்படிப்பட்ட மாநிலத்தில் ‘மகளிர்’ என்று பெயர் வைத்து விற்கும் பேக்கேஜில் ஃபெரிட்டின் இல்லாதது பெரிய குறை.

இதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நாத்தனாரின் சிறுநீரக முடிவு. கிரியாட்டினின் 1.2. எதிரே அச்சிட்டிருந்த இயல்பு அளவு 0.6 முதல் 1.3 வரை; ஆண், பெண் என்ற பிரிவே அதில் இல்லை. எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லாததால், இறுதியில் ரிப்போர்ட்டைப் பார்த்த இளம் மருத்துவரும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. பெண்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு என்பதால், ஆரோக்கியமாக இருக்கும் பெண்ணின் அளவே ஆணின் அளவைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும். ஆகையால் ஒரே எண் இருவருக்கும் ஒரே பொருள் தராது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்க இன்று பெரிதும் பயன்படுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் 55 வயது ஆணுக்கு 1.2 என்று போட்டால் 71 வருகிறது. அதே வயதுப் பெண்ணுக்குப் போட்டால் 53 வருகிறது. இந்த அளவு 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஒரே தாளில், ஒரே எண்ணில், ஆணுக்குக் கவலை இல்லை. பெண்ணுக்கு உடனே கவனிக்க வேண்டிய நிலை.

நான் இதைக் கேட்டதும் அந்த மருத்துவர் தட்டிக்கழிக்கவில்லை. அங்கேயே கைபேசியில் கணக்கிட்டுப் பார்த்து, அளவு குறைவாக இருப்பதை ஒப்புக்கொண்டு, வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்று நாத்தனாரிடம் கேட்டார். “முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டுக்குவேன் சார், அது இல்லன்னா களத்து வேலை செய்ய முடியாது” என்றார் அவர். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் கெடும் என்பது மருத்துவருக்குத் தெரிந்ததுதான்; கேள்வி எழுந்த பிறகே அந்தப் பேச்சு வந்தது. வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்க எழுதிக்கொடுத்தார். கேட்டதும் செய்ததற்கு நன்றி. எங்களுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருந்த பெண்களில் எத்தனை பேருடைய ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி குறியிடப்படாமல் போயிருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்னும் ஓயவில்லை. கணினியில் ஏற்கெனவே நோயாளியின் வயதும் பாலினமும் பதிவாகியிருக்கின்றன. அந்தச் சூத்திரத்தைச் சேர்த்து அச்சிட மையத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை.

இது ஏன் இப்படி இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த தாலிடோமைட் மருந்தால் 1950-களின் இறுதியிலும் 60-களின் தொடக்கத்திலும் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தன. அந்த அச்சத்தின் தொடர்ச்சியாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1977-இல், கருத்தரிக்க வாய்ப்புள்ள வயதிலிருக்கும் பெண்களைப் புதிய மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. மணமாகாதவர்கள், கருத்தடை முறைகளைப் பயன்படுத்துபவர்கள் என்ற விலக்குக்கூட இல்லை. கருவைக் காக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால், அதே மருந்துகள் சந்தைக்கு வந்ததும் அந்த வயதுப் பெண்கள்தான் அவற்றை விழுங்கினார்கள், தங்கள் உடலில் அவை எப்படி வேலை செய்யும் என்ற தகவல் இல்லாமலேயே. 1993-இல்தான் அந்தத் தடை விலக்கப்பட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். மருந்துச் சோதனைகள் மட்டுமல்ல, முதுமையை ஆராய 1958-இல் பால்டிமோரில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில் முதல் இருபது ஆண்டுகள் பெண்களே இல்லை.

விளைவுகளுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவும் என்று காட்டிய பெரிய ஆய்வு 22,071 மருத்துவர்களை வைத்து நடந்தது, அனைவரும் ஆண்கள். 39,876 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2005-இல்தான் வந்தது. அதில் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் முதல் மாரடைப்பை ஆஸ்பிரின் தடுக்கவில்லை. பக்கவாதத்தை 17 விழுக்காடு குறைத்திருந்தது. இன்னொன்று, 1992-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை. மறுநாள் காலையிலும் பெண்களின் இரத்தத்தில் அது கூடுதலாகத் தங்குகிறது என்பதால் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்க வேண்டும் என்ற உத்தரவு 2013-இல் வந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் பெண்கள் இரு மடங்கு அளவில் விழுங்கியபடிதான் இருந்தார்கள். 1997 முதல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்ற 10 மருந்துகளில் 8, பெண்களுக்குக் கூடுதல் தீங்கு விளைவித்தவை என்று அந்நாட்டு நாடாளுமன்றத் தணிக்கை அலுவலகம் 2001-இல் தெரிவித்தது. அவற்றுள் சில பெண்களுக்கே அதிகம் எழுதிக்கொடுக்கப்பட்டவை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர் லேப்களின் கருவிகளும் இயல்பு அளவுகளும் மருந்துகளும் பெரும்பாலும் இந்த ஆராய்ச்சியின் வழியாகவே வந்து சேர்ந்தவை என்பதால், அங்கே விட்டுப்போனது இங்கேயும் விட்டுப்போகிறது.

ட்ரெட்மில் சோதனைக்கு வருகிறேன். நாத்தனாருக்குச் சர்க்கரை இருப்பதால் இதயத்தைப் பார்த்துவிடலாம் என்று கூடுதல் பணம் கட்டினோம். சர்க்கரை நோய் இதயத்துக்கு ஆணைவிடப் பெண்ணுக்கே அதிகக் கேடு செய்கிறது. எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வு, சர்க்கரையால் கூடும் இதய நோய் இடர் ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 விழுக்காடு மிகுதி என்று கண்டது. ஆகவே பார்க்க நினைத்தது சரிதான். ஆனால் முட்டி வலியோடு இருக்கும் ஒருவரால் சாய்தளத்தில் வேகமாக நடக்க முடியாது. நாடித்துடிப்பு 118-ஐத் தொட்டபோதே அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொல்லிவிட்டார். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி அவருக்கு 140 வேண்டும். சிகாகோவில் 5,437 பெண்களை வைத்து 2010-இல் வெளியான ஆய்வு, பெண்களுக்கு 206-இலிருந்து வயதின் 0.88 பங்கைக் கழிப்பதே பொருந்தும் என்று காட்டியது. அப்படிப் பார்த்தாலும் 134 வரும். எந்தக் கணக்கிலும் அவர் இலக்கை எட்டவில்லை. அப்படியானால் ‘முடிவு சொல்ல இயலவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று இருந்தது. இதயம் நன்றாக இருக்கிறது என்று அவரும் நம்பி, ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லியும் விட்டார்.

இந்தத் தவறான நிம்மதி ஆபத்தானது. பெண்களிடம் ட்ரெட்மில் இ.சி.ஜி. ஆண்களிடம் காட்டும் அளவுக்குத் துல்லியம் காட்டுவதில்லை. நோய் இல்லாதவருக்கு உண்டு என்றும், இருப்பவருக்கு இல்லை என்றும் சொல்லிவிடக்கூடும். பெண்களுக்குப் பெரிய தமனிகளில் அடைப்பு இல்லாமலே இதயத்தின் நுண்குழாய்களில் கோளாறு இருப்பதும் ஆண்களைவிட அதிகம். மாரடைப்பின்போது பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முதன்மையான அறிகுறி. ஆனால் அதோடு மூச்சுத்திணறல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, தாங்கமுடியாத அசதி ஆகியவை கூடி வருவது அவர்களுக்கு அதிகம். வாயுப்பிடிப்பு என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். கையில் ‘நெகட்டிவ்’ என்ற தாள் இருந்தால் அந்தத் தாமதம் இன்னும் கூடும். முட்டி வலி உள்ளவர்களுக்கு நடக்கத் தேவையில்லாத, மருந்து கொடுத்துச் செய்யும் எக்கோ (இதய ஸ்கேன்) போன்ற சோதனைகள் உண்டு என்பதைப் பணம் கட்டும் இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

எலும்பு அடர்த்திச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாக. குதிகாலை ஒரு பெட்டியில் வைத்து ஒலியலையால் அளந்து, நாத்தனாருக்கு ‘நல்ல அடர்த்தி’ என்று எழுதியிருந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல்லாண்டுகள் போர் தண்ணீர் குடித்தவரின் எலும்பு, அளவையில் அடர்த்தியாகத் தெரிந்தாலும் உறுதி குறைந்து எளிதில் முறியக்கூடும். மூட்டு வலிக்கும் இறுக்கத்துக்கும் அதுவும் ஒரு காரணமாகலாம். அவருடைய பற்களிலேயே பழுப்புக் கோடுகள் தெரியும். எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று இந்த ஊர் மையம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? எலும்புத் தேய்வு விஷயத்தில் புறக்கணிப்பு எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. அது பெண்களின் நோய் என்றே ஆராயப்பட்டதால், ஆண்களின் எலும்புத் தேய்வு கண்டுகொள்ளப்படாமல் போகிறது. எனவே பாலின வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பது பெண்களுக்கு மட்டும் நன்மை தரும் காரியம் அல்ல.

பணம் கொடுக்க வாய்ப்பில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் தன்னார்வலர்களான பெண்கள் வீடு தேடி வருகிறார்கள். 30 வயது கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்க்கான ஆரம்பப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். பேப் ஸ்மியருக்காக மட்டும் இந்தப் பேக்கேஜை வாங்குவது வீண்.

மையத்தின் மேலாளரிடம் இவற்றையெல்லாம் எழுத்தில் கொடுத்தேன். சிறுநீரகக் கணக்கை ரிப்போர்ட்டில் சேர்ப்பதாகவும், படிவத்தில் கர்ப்பகாலக் கேள்விகளைச் சேர்ப்பது குறித்து மருத்துவரிடம் பேசுவதாகவும் சொன்னார். ட்ரெட்மில் முடிவைத் திருத்தித் தர முதலில் தயங்கினார். பிறகு, இலக்கு நாடித்துடிப்பு எட்டப்படவில்லை என்ற வரியைச் சேர்த்துப் புதிய தாள் தந்தார். சேவைக்கும் கனிவுக்கும் ஐந்துக்கு நான்கரை, பேக்கேஜின் உள்ளடக்கத்துக்கு இரண்டரை. அடுத்த முறையும் இதே மையத்துக்குத்தான் போவேன். ட்ரெட்மில்லுக்குக் கட்டிய ரூ.1,200-இல் ஃபெரிட்டினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்துக்கொள்ளலாம். நாத்தனாரின் இதயத்துக்கு இதய மருத்துவர் ஒருவரைத் தனியாகப் பார்க்கவிருக்கிறோம்.